பெட்டஸ் பெண்ணுக்கு நான் விற்ற லேசான துப்பாக்கி

நவம்பர் 7, சனி

இன்று ஹார்லன் பெட்டஸ் மகளின் சட்டை வாலை என் கடைச் சுவரில் ஆணியடித்து மாட்டினேன். அவளுக்கு இது இரண்டாவது வால். பெயர் ரேனி, வயது பன்னிரண்டு.

இரண்டு நாள் சிறுவர் வேட்டை. இன்று முதல் நாள். சுட்டு மானைத் தவறவிட்டவர் யாராக இருந்தாலும் சட்டையின் பின்தொங்கலைக் கத்தரித்து, பெயரும் தேதியும் எழுதி, ஓராலி ஸ்டப்ஸ் கடையில், அதாவது என் கடையில், மாட்டவேண்டும். ஷெரீப்பின் வாலே அங்கே தொங்குகிறது. முன்பு வேட்டை முகாமில்தான் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே கூரை ஒழுகியது, நான் என் சுவரைக் கொடுத்தேன். சும்மா கொடுக்கவில்லை. வாலைப் பார்க்க வருகிறவன் ஒரு பெட்டி தோட்டாவாவது வாங்காமல் போகமாட்டான்.

பத்து மணிக்கு வந்தார்கள். முகாம் தலைவர் கோய் லாங்லிதான் முன்னால், கையில் கத்தரிக்கோல். "மிஸ் ஓராலி, சுவத்துல எடமிருக்கா? இந்தப் பொண்ணுக்கு இன்னும் ரெண்டு வருஷம் போனா தனிச் சுவரே வேணும் போலிருக்கே!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பது என் தொழிலில் பாதி.

பெண் சிரிக்கவில்லை. இடது பக்கம் மட்டும் தெரியும்படி திரும்பி நின்றிருந்தாள். கோய் தோளைப் பிடித்துத் திருப்பியபோதுதான் பார்த்தேன். வலது புருவத்துக்கு மேலே பிறை மாதிரி ஒரு வெட்டு. துப்பாக்கி மேலுள்ள குறிபார்க்கும் ஸ்கோப், சுடும்போது பின்னால் வந்து அடித்த வெட்டு. ரத்தம் காய்ந்து கண் ஓரம் வரை இறங்கியிருந்தது.

"கொஞ்சம் முன்னாடி தள்ளி மொகத்த வெச்சுட்டா, அவ்வளவுதான்" என்றான் ஹார்லன். மரலாரி ஓட்டுகிறவன், கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. "பயம். வேறொண்ணுமில்ல. போன வருஷமும் பயந்தா."

கறுப்பு மையில் பெயரை எழுதினேன். நீலக் கட்டம் போட்ட துணி, நன்றாகத் துவைத்துத் தேய்த்தது. கடைசி எழுத்தைக் கோணலாக எழுதிவிட்டேன். வயது அறுபத்து மூன்று, காலை நாலரையிலிருந்து நிற்கிறேன் என்று காரணம் சொல்லிக்கொள்ளலாம்.

நவம்பர் 8, ஞாயிறு

அந்தத் துப்பாக்கியை விற்றது நான்.

நேற்று இதை எழுதவில்லை. இன்று சர்ச்சில் உட்கார்ந்திருந்தபோது புருவம்தான் ஞாபகத்தில் இருந்தது.

ஆகஸ்டில் ஹார்லன் வந்தான். போன வருஷம் அவனுடைய சொந்தப் பெரிய துப்பாக்கியால் சுட்டு ரேனி தவறவிட்டிருந்தாள். "புள்ளைக்கு ஏத்த மாதிரி லேசா ஏதாச்சும் குடுங்க மிஸ் ஓராலி" என்றான். எல்லாத் தகப்பனும் இதையேதான் கேட்கிறான். சின்ன உடம்பு, அதனால் சின்னத் துப்பாக்கி, லேசான துப்பாக்கி. கையில் தூக்கிப் பார்த்து, ஆகா, இறகு மாதிரி இருக்கே என்று சந்தோஷப்படுகிறான்.

துப்பாக்கிக் கடை வைத்திருக்கிற எவருக்கும் தெரியும், விஷயம் நேர்மாறு என்று. ஒரே தோட்டாவைக் கனமான துப்பாக்கியில் போட்டுச் சுட்டால் அந்தக் கனமே, துப்பாக்கி பின்னால் உதைக்கிற உதையில் பாதியை வாங்கிக்கொள்ளும். லேசான துப்பாக்கி எதையும் வாங்காது, எல்லாவற்றையும் தோளுக்கே அனுப்பும். நான் கொடுத்தது பின்கட்டை குட்டையானது, எடை ஐந்தே முக்கால் பவுண்டு, அதில் 308 என்ற பெரிய தோட்டா. பெரிய ஆளே ஒரு பெட்டி சுட்டால் மறுநாள் கையைத் தூக்கமாட்டான்.

ஏன் கொடுத்தேன்? பதினாலு மாதமாக அலமாரியில் கிடந்தது. அவ்வளவுதான்.

"இதவிட லேசானது கடையில இல்ல ஹார்லன்" என்றேன். பொய் இல்லை. பொய் சொல்லாமல் விற்பதில்தான் என் சாமர்த்தியம் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 9, திங்கள்

கடை திறந்ததுமே ஹார்லன் வந்தான். துப்பாக்கியை உறையோடு மேசையில் வைத்தான்.

"வேற யாருக்காச்சும் தள்ளிவிட முடியுமா? அவ இனி வரமாட்டாளாம்."

"பொது வேட்டை சீசன் தொடங்க இன்னும் அஞ்சு நாள் இருக்கே."

"கேட்டுப் பாத்துட்டேன். மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போறா. சிலருக்கு வரும், சிலருக்கு வராது. விடுங்க."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கடையில் வேறு யாருமில்லை. என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "எரநூத்தி இருவது டாலர் தரேன்." நானூற்றுப் பத்துக்கு விற்றதை. மூன்று மாதம்கூட ஆகவில்லை. யோசிக்கவே இல்லை, விலை தானாக வந்தது, இருமல் வருகிற மாதிரி.

அவன் தாடையைச் சொறிந்தான். "யோசிச்சு சொல்றேன்" என்று உறையைத் தூக்கிக்கொண்டு போனான்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். எழுந்திருக்க அரைமணி ஆயிற்று.

நவம்பர் 10, செவ்வாய்

பள்ளிப் பேருந்து கடை வாசலில் நிற்கும். மூன்றரைக்கு ரேனி இறங்கி உள்ளே வந்தாள். நேராகச் சுவருக்குப் போய் தன் வால் இரண்டையும் பார்த்தாள். பிறகு மேசைக்கு வந்தாள்.

"தோளுக்கு வெச்சிக்கிற மெத்தை இருக்குமா, மேடம்?"

"இருக்கு. ஆனா நீ இனி போகலன்னு ஒங்கப்பா சொன்னாரே?"

"போகலன்னுதான் சொன்னேன்." பனியன் கழுத்தை இழுத்துக் காட்டினாள். தோளில் ஒரு கை அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது, நடுவில் ஊதா, ஓரத்தில் மஞ்சள். "கண்ணத் தெறந்து வெச்சா அது அடிக்கிறது தெரியுது. மூடிக்கிட்டா மான் தப்பிச்சிடுது. எது நல்லதுன்னு தெரியல."

"அப்புறம் எதுக்கு மெத்தை?"

மேசைமேல் இருந்த மான்கொம்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பா வீட்டுல பேசமாட்டாரு. லாரியிலிருந்து வந்தா சாப்பிடுவாரு, தூங்குவாரு. காட்டுல மரத்து மேல பலகையில ஒக்காந்திருக்கும்போதுதான் பேசுவாரு. காதுகிட்ட, ரொம்ப மெதுவா. அணில் பத்தி, அவரு சின்ன வயசுல செஞ்சதப் பத்தி." மூக்கைத் துடைத்தாள். "நான் போகலன்னா அவரு கோய் அங்கிள்கூடப் போயிடுவாரு."

பிறகு நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "இது புள்ளைங்க துப்பாக்கிதானே? அட்டையில அப்படித்தான் போட்டிருந்துச்சு. அப்போ எனக்கு மட்டும் ஏன் இப்படி?"

எனக்கு மட்டும். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

மெத்தையை விற்றேன். ஆமாம், விற்றேன். பதினெட்டு டாலர். சும்மா கொடுத்திருந்தால் ஏன் சும்மா கொடுக்கிறீர்கள் என்று அவள் கேட்டிருப்பாள். கேட்டிருப்பாளா? தெரியாது.

நவம்பர் 11, புதன்

மழை. ஹார்லனுக்குப் போன் செய்தேன். நாளை நாலு மணிக்குப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு துப்பாக்கியோடு, கடைக்குப் பின்னால் சுட்டுப் பழகுகிற மணல்மேட்டுக்கு வா என்றேன். "வெலைய ஏத்தப் போறீங்களா?" என்றான். பார்க்கலாம் என்றேன்.

நவம்பர் 12, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

வந்தார்கள். மூவரும் காதடைப்பான் மாட்டிக்கொண்டோம். ஹார்லன் துப்பாக்கியை மகளிடம் நீட்டினான். அவள் கை பின்னால் போயிற்று.

"அவ வேண்டாம். நீ சுடு" என்றேன்.

"நானா? நான் சுட்டு என்னாகப் போவுது? எனக்குத்தான் தெரியுமே."

"சுடு ஹார்லன். நூறு கெஜத்துல காகிதத் தட்டு வெச்சிருக்கேன். ஒவ்வொரு தோட்டாவா நான்தான் போட்டுத் தருவேன், நீ குனிஞ்சு பாக்கக்கூடாது."

என் சட்டைப்பையில் மருந்தில்லாத தோட்டா ஒன்று இருந்தது. பார்வைக்கு அசல் மாதிரியே இருக்கும், வெடிக்காது. நல்லதோடு கலந்து, சுடுகிறவருக்குத் தெரியாமல் போடுவோம். வெடிக்காதபோது குழல் அசையாமல் நின்றால் சரி. குழல் வெட்டி இழுத்தால், உதை வருமுன்பே உடம்பு பயந்துவிட்டது என்று அர்த்தம். ஒளிக்க முடியாது, பக்கத்தில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும்.

முதல் தோட்டா. தட்டின் ஓரத்தில் பட்டது. ஹார்லன் தோளைக் குலுக்கிக்கொண்டான். இரண்டாவது, மூன்றாவது. மூன்றாவதில் தட்டையே காணோம், மணல்தான் பறந்தது. நான்காவதாக மருந்தில்லாததைப் போட்டேன்.

விசையை இழுத்தான். 'க்ளிக்'. அவ்வளவுதான் சத்தம். ஆனால் அந்த இருநூற்று நாற்பது பவுண்டு ஆள் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடி, தோளை முன்னால் தள்ளி, குழலைத் தரையைப் பார்க்கக் குத்தினான். தண்ணீரில் குதிக்கப்போகிறவன் மாதிரி.

பின்னாலிருந்து ரேனி சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், முடியாமல் மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா, நீங்க கண்ண மூடினீங்க!"

"மூடல."

"மூடினீங்க! நான் பாத்தேன்!"

ஹார்லனின் காது சிவந்துபோயிற்று. ஆனால் அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "நாசமாப் போனது, கோவேறு கழுத மாதிரி ஒதைக்குது. இதயா இவ சுட்டா?" என்றான். பிறகு சிரிப்பு நின்றது. மகளின் புருவத்தைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

அதோடு விட்டிருக்கலாம். துப்பாக்கி மோசம், யார்மேலும் தப்பில்லை என்று முடிந்திருக்கும். நான் விடவில்லை. களைப்பாக இருந்தது, மறைத்துக்கொண்டே இருக்கத் தெம்பில்லை.

"ஒதைக்கும்னு எனக்குத் தெரியும்" என்றேன். "ஆகஸ்ட்லயே தெரியும். புள்ளைக்கு ஆகாதுன்னு தெரியும். பதினாலு மாசமா விக்காம கெடந்துச்சு, தள்ளிவிட்டேன்."

"தெரிஞ்சே குடுத்தீங்களா?"

"தெரிஞ்சேதான்."

"திங்கக்கெழம எரநூத்தி இருவதுக்கு கேட்டீங்களே. அப்பவும் தெரிஞ்சே?"

"அப்பவும்."

துப்பாக்கியைத் திறந்து, காலி என்று பார்த்து, சுடுகிற இடத்து மேசைமேல் வைத்தான். அடிக்கிற மாதிரி வைத்திருந்தால் பரவாயில்லை. முட்டையை வைக்கிற மாதிரி மெதுவாக வைத்தான். "எங்கம்மா ஒங்ககிட்டதான் தூண்டில்புழு வாங்குவாங்க, ஒங்க கடை பெட்ரோல் பங்க் பின்னால தகரக்கொட்டாயா இருந்தப்போ" என்றான். மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

ரேனி லாரிக்குப் போகும் வழியில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கோபமா, வேறு ஏதாவதா, கண்ணாடி போடாமல் எனக்குத் தெரியவில்லை.

நவம்பர் 13, வெள்ளி

நாளை சீசன். கடை நிரம்பி வழிந்தது. காட்டில் ஆளை அடையாளம் தெரியப் போடுகிற ஆரஞ்சு சட்டை தீர்ந்துவிட்டது. மதியம் வெளியூர்க்காரர் ஒருவர் பேரனுக்கென்று கேட்டார்: "லேசா, குட்டையா ஏதாவது?" பெட்டஸ் துப்பாக்கி பின்னறையில் அவன் பெயர் எழுதின சீட்டோடு இருந்தது, அது என்னுடையது அல்ல. ஆனால் அதே மாதிரி இன்னொன்று அலமாரியில் இருந்தது. அவர் கையும் அதை நோக்கித்தான் போயிற்று.

"அது பெரியவங்க தோளுக்கு" என்றேன். "ஒதை வாங்கினா பேரன் பழிபோடப் போறது ஒங்கமேலதான்."

வேறு கடைக்குப் போய்விட்டார். நல்லவளாகிவிட்டேன் என்று எழுதமாட்டேன். ஒரு வியாபாரம் போயிற்று, அதுவும் வலித்தது.

நவம்பர் 14, சனி

சீசன் முதல் நாள். அதிகாலை நாலு மணிக்குத் திறந்தேன். இறைச்சி வைத்த ரொட்டி, சாசேஜ் பிஸ்கட், நூற்று அறுபது விற்றது. பெட்டஸ் வரவில்லை.

பதினொன்றுக்குக் கோய் வந்தார். "ஹார்லன் மரத்துல ஆளக் காணோம். இருவது வருஷத்துல மொத தடவ" என்றார். மேசைமேல் சாய்ந்து, குரலைத் தணித்து, "மணல்மேட்டுல ஏதோ நடந்துச்சாமே?" என்றார்.

"நடந்துச்சு. நான் மோசமான சாமான வித்தேன், ஒத்துக்கிட்டேன்."

கோய் மேசையிலிருந்து நிமிர்ந்துவிட்டார். ஊர்வம்பு பிடுங்க வந்தவர் கையிலேயே மொத்தத்தையும் கொடுத்துவிட்டால் இப்படித்தான். ஒரு காபியை எடுத்துக்கொண்டு போனார். காசு கொடுக்கவில்லை.

நவம்பர் 15, ஞாயிறு

ஒன்றுமில்லை. கால் வீக்கம்.

நவம்பர் 16, திங்கள்

நாலு மணிக்கு வந்தார்கள், இரண்டு பேரும்.

"இவதான் வரணும்னா. நான் இல்ல" என்றான் ஹார்லன், தொப்பியைக் கழற்றாமல்.

ரேனி மேசைக்கு வந்தாள். "ஒதைக்காதது எதுன்னு ஒங்களுக்குத் தெரியும்தானே மேடம்? எது ஒதைக்கும்னு தெரிஞ்சிருந்துச்சே."

நியாயமான கேள்வி. மூன்றை எடுத்து வைத்தேன். மூன்றும் 243 என்ற சின்னத் தோட்டா. இந்த ஊர் மானுக்கு அது போதும், உதை 308-ல் பாதிகூட வராது. முதலாவது புதுசு, பளபளப்பு. இரண்டாவது ஒரு டாக்டர் விற்றது, வேலைப்பாடு செய்த கட்டை. மூன்றாவது அசிங்கம். எவனோ தன் பையனுக்காகக் கட்டையை மரம் அறுக்கிற ரம்பத்தால் குறைத்து, லாரிச் சேறுதடுப்பு ரப்பரை வெட்டிப் பின்னால் ஒட்டியிருந்தான். தடித்த குழல். எட்டு பவுண்டு. அதை யாரும் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை.

எது என்று நான் சொல்லவில்லை. சொன்னால் இவர்கள் நம்பவேண்டிய அவசியமும் இல்லை. கட்டையை முழங்கை மடிப்பில் வைத்துப் பார், விரல் விசைக்கு எட்டுகிறதா பார், கண்ணை மூடிக்கொண்டு தோளில் வை, திற, ஸ்கோப் முழுசாக வெளிச்சமாகத் தெரிகிறதா பார் என்று மட்டும் சொன்னேன். முதலாவதில் கழுத்தை நீட்டினாள். இரண்டாவதிலும். மூன்றாவதில் நீட்டவில்லை. கன்னம் தானாகப் போய் உட்கார்ந்தது.

"இது" என்றாள்.

"இதுவா? பாக்கவே சகிக்கல" என்றான் ஹார்லன். தூக்கிப் பார்த்தான். "அதோட இது கனம். இதத் தூக்கிக்கிட்டு அவ எப்படி அந்தச் சேத்துல நடப்பா?"

"சுடறதுதான் அவ. தூக்கிக்கிட்டு நடக்க நீ இருக்கியே."

அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். ரேனி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டான்.

மணல்மேட்டில் ஐம்பது கெஜத்தில் ஆரம்பித்தாள். முதல் தோட்டாவுக்கு உடம்பெல்லாம் விறைத்திருந்தது. சுட்டபின் அப்படியே நின்றாள், இன்னும் ஏதோ வரப்போகிற மாதிரி. "அவ்வளவுதானா?" என்றாள். ஆறாவது ஏழாவதில் தோள் இறங்கியது. பத்தாவதாக நான் மருந்தில்லாததைப் போட்டேன். 'க்ளிக்'. குழல் அசையவில்லை. "ஏமாத்தறீங்க" என்றாள் திரும்பாமல். ஹார்லன் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டான்.

விலை கேட்டான். சொல்ல வாயெடுத்தேன். கையை நீட்டித் தடுத்தான்.

"வேண்டாம். இந்தத் தடவ மொதல்ல காட்டுல சுடட்டும். அப்புறம்தான் வெல. சரியா?"

என் வாழ்நாளில் யாரும் என்னிடம் இப்படி வியாபாரம் பேசியதில்லை. சரி என்றேன்.

நவம்பர் 19, வியாழன்

பனி. விறகு வாங்கவேண்டும்.

நவம்பர் 21, சனி

ஒன்பதே காலுக்கு வந்தார்கள். முதலில் ஹார்லன், தோளில் அந்த எட்டுப் பவுண்டு. பின்னால் ரேனி. இரண்டு கன்னத்திலும் ரத்தக்கோடு. முதல் மானை அடித்தவருக்குப் பூசுவது. அப்பாவே பூசியிருக்கிறான், விரல் அகலம் தெரிந்தது.

"பெண் மான். எழுவது கெஜம். பத்தடிகூட ஓடல" என்றான் ஹார்லன். தன் பெயரைச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னான். குரல் மட்டும் கரகரத்திருந்தது, விடியலிலிருந்து தணிந்த குரலில் பேசிக்கொண்டே இருந்தவன் மாதிரி.

"கண்ணு தெறந்துதான் இருந்துச்சு" என்றாள் ரேனி. "விழறதப் பாத்தேன். பாவமாத்தான் இருந்துச்சு."

கோய் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். "அப்போ சுவத்துலேருந்து அந்த ரெண்டு வாலையும் எறக்கிடலாமே!" என்றார்.

"வேண்டாம். நான் தவறவிட்டது நெஜம்தானே." ரேனி என் பக்கம் திரும்பினாள். "ஆனா மேடமோட வாலையும் பக்கத்துல மாட்டணும். மொதல்ல தவறவிட்டது அவங்க."

கோய் என் முகத்தைப் பார்த்தார், பிறகு வாய் நிறைய பிஸ்கட்டோடு கத்தரிக்கோலைத் தேட ஆரம்பித்தார். நான் உடுத்தியிருந்தது கடைச்சட்டை, முழங்கை கிழிந்தது. இதை வெட்டிக்கொள் என்று திரும்பி நின்றேன்.

"இது இல்ல" என்றாள். "சர்ச்சுக்குப் போடுவீங்களே, அது."

முத்துப் பொத்தான் வைத்த வெள்ளைச் சட்டை. போன ஈஸ்டருக்கு வாங்கியது. பேரம் பேசிப் பார்த்தேன், பழக்கம் விடுமா. இறங்கவில்லை. நாற்பது வருஷம் பேரம் பேசியவளுக்குத் தெரியும், எந்த முகம் இறங்கும், எது இறங்காது என்று.

இரண்டு மணிக்குக் கூட்டம் குறைந்ததும் மூவரும் பேசி முடித்தோம். பழைய துப்பாக்கி திரும்ப என்னிடம், அவர்கள் கொடுத்த நானூற்றுப் பத்துக்கே. 243-க்கு முன்னூறு, ஒரு பெட்டி தோட்டா உள்பட. மிச்சம் நூற்றுப் பத்தை ஹார்லனிடம் எண்ணிக் கொடுத்தேன், தோள்மெத்தையின் பதினெட்டை ரேனியிடம். காட்டுக்குள் போகும்போதும் வரும்போதும் துப்பாக்கியைத் தூக்குவது ஹார்லன். என் வெள்ளைச் சட்டையின் வால் அடுத்த சீசன் முதல் நாள் வரை சுவரில் இருக்கவேண்டும், பெயரைப் பெரிய எழுத்தில் ரேனியே எழுதுவாள்.